துணைக்குப் படித்தவள்

நியாயம் கேட்கப் போகிறவர்கள், கையில் எடுத்துப் போகும் ஆதாரத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பத்தாம் வகுப்பில் எனக்கு இந்த ஞானம் இல்லை.

நானும் முத்துராமனும் இரட்டைப் பிள்ளைகள். தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் கணக்கு சார், அரையாண்டில் தொண்ணூறு மார்க் வாங்கியவர்களுக்கு மட்டும் தனி வகுப்பு எடுப்பார். அதில் சேர்ந்தால் பொதுத்தேர்வில் நூற்றுக்கு நூறு என்று ஊரே நம்பியது. எப்படியாவது சேர்ந்துவிட வேண்டுமென்று நான் உயிரைக் கொடுத்துப் படித்தேன். முத்துராமன், பெயர் வரிசைப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து எழுதினான். (அதுவும் உழைப்புதான். கழுத்து வலிக்குமே!)

தாள் வந்தது. அவனுக்குத் தொண்ணூற்றிரண்டு, எனக்கு எழுபத்தெட்டு. ஒரே விடை, ஒரே தப்பு. அவன் தாளில் ‘நல்ல மூளை, அவசரம்’ என்றும் என் தாளில் ‘மனப்பாடம்’ என்றும் சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, “ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான் சார், நீங்களே பாருங்க!” என்றேன்.

பார்த்தார். நான் தப்பாக எழுதி அடித்த வரியைக்கூட முத்துராமன் எழுதி, ஸ்கேல் வைத்து அடித்திருந்தான்.

“ஏட்டி, இப்படியா அண்ணனைப் பாத்து எழுதுவ?” என்றார் சார்.

(அண்ணனா! நான்தான் கால்மணி நேரம் மூத்தவள்.)

என் எழுபத்தெட்டு சைபராகிவிட்டது. வீடு வரை அழுதுகொண்டே நடந்தேன். முத்துராமன் என் பையையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

மறுநாள் தனி வகுப்பில் சார் அவனைப் போர்டில் ஒரு கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார். சாக்பீஸும் கையுமாக நின்றானாம்.

“என்னலே முழிக்க? பரீட்சையில போட்டியே, இங்கன என்ன வந்துட்டு?”

“பக்கத்துல அவ இல்லியே சார்.”

சார் யோசித்தாராம். பிறகு ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ரிப்பனைச் சரிசெய்துகொண்டு ஓடினேன்.

“பய தனியா இருக்கக் கூச்சப்படுதான். துணைக்கு நீயும் இங்கன உக்காருட்டி.”

உட்கார்ந்தேன். பொதுத்தேர்வுத் தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். நூற்றுக்கு நூறு வாங்கினேன். முத்துராமனுக்கு வேறு அறை. எப்படியோ கரையேறினான்.

இன்று நான் கல்லூரியில் கணக்கு நடத்துகிறேன். பெயர் இருக்கும் பக்கத்தை மடித்துவிட்டுத்தான் தாள் திருத்துவேன். முத்துராமன் டவுணில் துணிக்கடை வைத்திருக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் போதும், துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வான்:

“நம்ம அக்கா, அண்ணாச்சி! கணக்குல நூத்துக்கு நூறு. எனக்குத் துணைக்குப் படிச்சவ.”