முனியாண்டி சேவலின் ஆகாயப் பயணம்

ஆர்வக்கோளாறு ஒரு விசித்திரமான வியாதி. பிடித்தவருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் இருப்பவர்கள்தான் அவதிப்படுவார்கள். எனக்கு அது முற்றியது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் சும்மா இருந்தபோது.

இலங்கை மலையகத்தில், நோட்டன் பிரிட்ஜ் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, மனுசன் பறந்த கதையைப் பற்றிச் சின்னனுகளுக்கு ஒரு பத்து நிமிசம் கதைச்சு விடும்" என்றார். (யாழ்ப்பாணத்து மனுஷர். கதைக்கத்தான் சொன்னார். நெருப்பு மூட்டச் சொல்லவில்லை.)

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். இருநூற்று நாற்பது வருஷத்துக்கு முன் பிரான்ஸில், கடதாசி செய்கிற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் ஒரு பெரிய பலூன் செய்தார்கள். அதில் முதலில் ஏறியது மனிதர்கள் இல்லை. ஒரு செம்மறியாடு, ஒரு வாத்து, ஒரு சேவல். அரசன் பார்த்துக்கொண்டிருக்க மூன்றும் மேலே போய், உயிரோடு இறங்கின. தூக்குவது சூடான காற்று என்று அந்தச் சகோதரர்களுக்குத் தெரியாது. புகைதான் தூக்குகிறது என்று நம்பி ஈர வைக்கோல், கம்பளி, காலில் போடுகிற பழைய சப்பாத்து எல்லாம் போட்டு எரித்தார்களாம்.

இதை வாயால் சொன்னால் போதாதா? எனக்குப் போதவில்லை.

நாற்றுமேடை மூடுகிற பொலித்தீனை ஒரு வாரம் ஒட்டிப் பலூன் செய்தேன். செம்மறியாடு காட்போட்டில் வெட்டியது. வாத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது மிதக்க விடுகிற பிளாஸ்டிக் வாத்து. ஒரு பயணியாவது உயிரோடு வேண்டாமா?

எங்கள் வீட்டிலேயே ஒரு சேவல் இருந்தது. ஆனால் அது சேவல் உருவில் வந்த ரவுடி. கிட்டப் போனால் கொத்தும். சாதுவான சேவல் என்றால் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே ஒன்றுதான்: அடுத்த காம்பரா வீட்டுப் பெரியம்மாவுடையது. மகன் சிவா அண்ணனுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தால் முனியாண்டி சாமிக்கு அறுப்பதாக நேர்ந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை பூசை. அதுவரை காலில் மஞ்சள் துணி கட்டிய அந்தச் சேவலைத் திட்டக்கூட யாருக்கும் அனுமதி இல்லை. ஊனப்பட்டதைச் சாமி ஏற்காது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் புதன்கிழமை காலை தூக்கினேன். பெரியம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார். பகலில் கொழுந்து நிறுக்க இறங்குவதற்குள் திருப்பி வைத்துவிடலாம். (சாமிக்கு நேர்ந்ததைச் சாமி இருக்கிற பக்கமா ஒரு மூணடி தூக்கிக் காட்டினா குத்தமா? அன்றைய என் மூளை அது.)

மைதானத்தில் பீப்பாயில் நெருப்பு. அதன் மேல் தகரக் குழாய், குழாய் வாயில் பலூன், கீழே கயிறு கட்டிய கூடை, கூடைக்குள் மூன்று பயணிகள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய காய்ந்த மிலாறுக் குச்சி கட்டுக்கட்டாகக் கிடந்தது. அதைப் போட்டிருந்தால் போதும். ஆனால் வரலாற்றுக்கு மரியாதை செய்ய வேண்டாமா? ஈர மிலாறாகப் பொறுக்கிப் போட்டேன். அப்பாவின் பழைய சப்பாத்தையும் போட்டேன்.

அடுத்த நிமிஷம் பள்ளிக்கூடத்தைக் காணவில்லை. புகைக்குள்ளிருந்து ஹெட்மாஸ்டரின் குரல் மட்டும் வந்தது: "பிள்ளை! நீர் எங்க நிக்கிறீர்? நான் எங்க நிக்கிறன்?"

ஆனால் பலூன் எழும்பியது! கூடையும் ஒரு சாண் எழும்பியது. பிள்ளைகள் கூவினார்கள். நானும் கூவினேன். அப்போது ஒரு காற்று. பலூன் சரிந்து, சுடு தகரத்தில் பட்டு உருகி, கூடை கவிழ்ந்து, சேவல் சுடு பீப்பாய் விளிம்பில் வாலைப் பொசுக்கிக்கொண்டு பறந்தது. பலூனின் உதவி இல்லாமல், மைதானத்தைத் தாண்டி, கீழ்மலைத் தேயிலைக்குள்.

புகையைப் பார்த்து யாரோ ஃபெக்டரிச் சங்கை ஊதிவிட்டார்கள். மலையிலிருந்த பெண்களெல்லாம் கூடையோடு ஓடி வந்தார்கள். முன்னால் பெரியம்மா.

"யாருக்கு என்னாச்சு புள்ள?"

"யாருக்கும் ஒன்னுமில்ல பெரியம்மா. சேவல்தான்..."

"எந்தச் சேவல்?"

நான் பிளாஸ்டிக் வாத்தைப் பார்த்தேன். அது உதவிக்கு வரவில்லை.

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ளைக்கு வேல குடுத்த சாமிக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்?" கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் இருந்த என் அம்மாதான் முதலில் அசைந்தார். "நெர புடிங்கடி!"

முப்பது பெண்கள், கொழுந்தெடுக்கிற அதே ஒழுங்கில், ஆளுக்கொரு நிரை பிடித்து மலையில் இறங்கினார்கள். கொழுந்துக்குப் பதிலாகச் செடிகளுக்கு அடியில் பார்வை. "பா... பா... பா..." என்று மலை முழுக்கக் குரல். நடுநடுவே என் புகழும்: "படிச்ச புள்ள சேவல பிரான்ஸுக்கு அனுப்பிருச்சாம்டி!" "பாஸ்போட்டு எடுத்துச்சா?"

கடைசி நிரையில், தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக, அம்மா கையில் அகப்பட்டது. உயிரோடு. வால் மட்டும் இல்லை.

முனியாண்டி கோயில் பூசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாலு இல்லாதத எப்புடிம்மா அறுக்கிறது? சாமி என்னைய கேக்காதா?"

பெரியம்மா முகம் வெளுத்தது. அம்மா என்னைப் பார்த்தார். "எங்க வீட்டுச் சேவல குடுக்கிறோம் அக்கா. இவளே புடிச்சிக் குடுப்பா."

அந்த ரவுடியைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்று தழும்புகள் இன்னும் கையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பூசை குறையில்லாமல் முடிந்தது. திருநீறு பூசிய பெரியம்மா, "அடுத்த தடவ நீயே ஏறிக்க" என்றபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிரான்ஸில் பறந்து வந்த செம்மறியாட்டுக்கு அரசனுடைய மிருகக்காட்சிசாலையில் இடம் கொடுத்தார்களாம். மாற்றாக எங்களிடம் வந்த பயணிக்கு எங்கள் காம்பராவின் பின்பக்கம். வால் முளைத்த பிறகும் யாரும் அதன் மேல் கை வைக்கவில்லை. பெரியம்மா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிடி அரிசியோடு வருவார். "சாமிக்கே டிமிக்கி குடுத்தவன்டா நீ" என்று அதைக் கொஞ்சுவார். தீபாவளிக்கு வரும் சிவா அண்ணன், "வேல கெடைச்சது எனக்கு, பொழைச்சது அது" என்பார்.

அந்தத் தவணைப் பரீட்சையில் ஹெட்மாஸ்டர் ஒரு கேள்வி போட்டார்: ஆகாயத்தில் முதலில் பயணித்த உயிரினங்கள் எவை? வகுப்பில் பாதிப் பேர் எழுதிய பதில்: ஆடு, வாத்து, பெரியம்மாவின் சேவல்.

எல்லோருக்கும் முழுப் புள்ளி. நான் தயங்கித் தயங்கி ஏன் என்று கேட்டேன்.

"பிழையெண்டு எப்பிடிப் போடுறது?" என்றார் அவர். "அதுகள் கண்ணால கண்டதை எல்லோ எழுதியிருக்குதுகள்."