ஆடாத ஆசானின் நிலைப்பட்டை

காலை ஆறு மணிக்கே வரிசை மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி, தெருமுனை சலூனைத் தாண்டிவிட்டது. மேலே இருப்பது தற்காப்புக் கலைப் பள்ளி. ஆனால் குத்து, உதை, தடுப்பு எல்லாம் அங்கே பழங்கதை. இப்போது ஆடாத ஆசான் இருக்கிறார். அவர் விற்கும் நிலைப்பட்டை இருக்கிறது.

நிலைப்பட்டை என்பது இரண்டு விரல் அகலக் கறுப்பு எலாஸ்டிக். பைஜாமா இடுப்பில் தைக்கிற அதே சரக்குதான். ஆனால் ஆசான் அதில் மூன்று முறை ஊதியிருக்கிறார். நீங்களும் நானும் ஊதினால் எச்சில் தெறிக்கும். அவர் ஊதினால் பூமியின் நடுப்புள்ளியே வந்து குடியேறுமாம். கணுக்காலில் மாட்டினால் போதும், ஒற்றைக்காலிலும் உடம்பு ஆடாது. பத்து வருடப் பயிற்சி பத்து நொடியில்.

நிரூபணமும் உண்டு. ஒற்றைக்காலில் நிற்க வைத்து, கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்வார். நீட்டிய கையை ஒரு விரலால் அழுத்துவார். ஆள் சாய்வான். பட்டையை மாட்டி மறுபடி அழுத்துவார். ஆள் தூணாக நிற்பான். கைதட்டல். கூட்டத்தில் ஒரு கணக்கு வாத்தியாரும் தட்டினார். பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை, மூளைக்கும்தான்.

நம்பியவர்களில் ஒரு தையற்காரப் பெண்ணும் உண்டு. உதை பழகும்போது கணுக்கால் பிசகியவள். தினமும் தலையணைமேல் ஒற்றைக்காலில் நின்று பழகச் சொன்னார் டாக்டர். பட்டை வந்தது, தலையணை மறுபடி தலைக்கே போய்விட்டது. மூன்றாவது வாரம் சுழன்று ஓர் உதை விட்டாள். உதை காற்றில் போனது, அவள் தரைக்கு வந்தாள். கால் முழுக்க மாவுக்கட்டு. இரண்டு வருடமாகக் காத்திருந்த போட்டியும் போயிற்று.

ஆசானிடம் முறையிட்டாள். "நம்பிக்கை பத்தலம்மா. இன்னொரு கால்லயும் ஒண்ணு போட்டுக்கோ" என்றார்.

அவளுடைய அக்கா பஸ் கண்டக்டர். தினமும் எட்டு மணி நேரம், குலுங்கும் வண்டியில், எதையும் பிடிக்காமல் டிக்கெட் கிழிப்பவள். அவளுக்கு யாரும் ஊதிவிட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், யூனிஃபார்ம் பேன்ட்டும் தடித்த சாக்ஸுமாக. பின்னாலேயே ஊன்றுகோலுடன் தங்கை.

"புது ஆளு யாராவது வாங்க" என்றார் ஆசான்.

"நான் வரேன் சார்."

ஒற்றைக்காலில் நின்று கையை நீட்டினாள். ஆசான் அழுத்தினார். சாய்ந்து விழுந்தாள்.

"பாத்தீங்களா? பட்டை இல்லாத உடம்பு, கொடியில காயிற துணி மாதிரி!"

கூட்டம் உச்சுக்கொட்டியது. அக்கா தரையில் உட்கார்ந்தபடியே சாக்ஸைக் கீழே உருட்டினாள். கணுக்காலில் கறுப்புப் பட்டை.

"என் தங்கச்சியோடது சார். நீங்க ஊதினதுதான்."

ஆசான் தொண்டையைச் செருமினார். "அது... அந்தப் பொண்ணு உடம்புக்குப் பழகினது. உனக்குச் சேராது."

"சரி, எனக்குன்னு ஒண்ணு ஊதுங்க."

ஊதினார். மாட்டினாள்.

"இப்ப அழுத்தப்போறது நீங்க இல்ல, என் தங்கச்சி."

"அதெல்லாம் முறை கிடையாது!"

"பூமியோட நடுப்புள்ளியே என் கால்ல இருக்கு. கட்டுப்போட்ட பொண்ணோட ஒத்த விரலுக்கு அது பயந்துக்குமா சார்?"

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். தங்கை, ஆசான் முதல் முறை அழுத்துவதுபோலவே அக்காவின் கையை வெளிப்பக்கமாக அழுத்தினாள். புதுப்பட்டையோடு அக்கா சாய்ந்தாள். பிறகு இரண்டு பட்டைகளையும் கழற்றி எறிந்துவிட்டு மறுபடி நின்றாள்.

"இப்ப உடம்புப் பக்கமா அழுத்துடி."

அழுத்தினாள். அக்கா அசையவில்லை.

"அவ்வளவுதாங்க. வெளிப்பக்கமா அழுத்தினா எடை காலைத் தாண்டிப் போகுது, விழறோம். உள்பக்கமா அழுத்தினா கால்மேலயே எறங்குது, நிக்கறோம். பட்டை சும்மா வேடிக்கை பாக்குது."

கூடம் முழுக்க இரண்டிரண்டு பேராக ஒருவரையொருவர் அழுத்திப் பார்த்தார்கள். விழுந்தார்கள், நின்றார்கள், திட்டினார்கள். அதற்குள் ஆசான் பின்படி வழியாக, கைப்பிடிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தார்.

வெளியே வந்ததும் தங்கை அழுதாள். "ஒரே ஒரு தடவ அவர் விரல் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்திருந்தா போதுமேக்கா."

"கால் ஆறட்டும். அப்புறம் ஆடி ஆடித்தான் நிக்கக் கத்துக்கணும். அதுக்குக் குறுக்கு வழி இல்லடி."

பக்கத்தில் ஒரு பெரியவர் தயங்கியபடி கேட்டார்: "ஏம்மா, ஒருவேளை செகப்புப் பட்டையா இருந்தா வேலை செய்யுமோ?"

ஏமாற்றுகிறவனுக்காவது அது பிழைப்பு. யோசிக்காமல் ஏமாந்துகொண்டே இருக்கிறோமே ஐயா, நமக்கு இதில் என்ன வருமானம்?