கடைசி வேன்

"நூறு கிலோமீட்டர் சைக்கிள் விடப்போறேன்" என்று கண்ணாடிக்கடைக்காரர் அறிவித்தபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற கை நிற்கவில்லை.

"நீங்க கதை விடுவீங்க, குறட்டை விடுவீங்க, எடுத்த வேலையை பாதியில விடுவீங்க. சைக்கிள் விட்டுத்தான் நான் பார்த்ததில்ல."

சைக்கிள் வாங்கி ஏழு மாதம். ஹாலில் பாதியை அது வளைத்துப் போட்டிருந்தது. ஹேண்டில்பாரில் ஈரத் துண்டு காய்ந்தது. ஆனாலும் அதன்மேல் அவருக்கு உயிர். ஊராருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டி அலுத்து வருகிற மனுஷன், அதைத் துடைக்கும் பத்து நிமிடம்தான் சிரித்த முகமாக இருப்பார்.

மனைவி சரியாக அங்கேயே கைவைத்தாள். போக்குவரத்தை நிறுத்தி, ரோட்டை மூடி நடத்தும் அந்தச் சைக்கிள் பயணத்தை அவர் முடித்துவிட்டால் சைக்கிள் ஹாலிலேயே இருக்கலாம். முடிக்காவிட்டால் அன்று சாயங்காலமே தன் தம்பி வந்து எடுத்துக்கொண்டு போவான் என்றாள். மச்சினனோ ஒரு குடையைக்கூட முழுசாகத் திருப்பிக் கொண்டுவராத ஆள்.

மறுநாளே பயிற்சி ஆரம்பம். விடிந்தும் விடியாததுமாக, இறுக்கமான அரைக்கால் சட்டையில் கிளம்புவார். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அங்கிருக்கும் குழாயில் சட்டையை நனைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வீடு திரும்புவார். இன்றைக்கு முப்பது கிலோமீட்டர் என்பார். அப்படியா என்பாள் மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், பிள்ளைகளை ஏற்றத் தினமும் அந்தப் பூங்கா வழியாகத்தான் போகிறவள் என்பது ஏனோ அவர் புத்தியில் உறைக்கவே இல்லை.

அவருடைய தைரியமெல்லாம் விதிமுறைப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. எல்லோருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். அது முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. முடியாதவர்கள் சைக்கிளோடு அதில் ஏறிக்கொள்ளலாம். ஆகவே முப்பது கிலோமீட்டர் மிதிப்பது, வேனில் ஏறி ஒரு தூக்கம் போடுவது, கடைசி வளைவில் இறங்கிக் கம்பீரமாக மிதித்துக்கொண்டு போய் முடிப்பது. யார் பார்க்கப்போகிறார்கள்? மனைவிக்கும் அன்றைக்கு ஏதோ வெளிவேலையாம்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரம் பேர் கிளம்பினார்கள். அரை மணி நேரத்தில் அவரைத் தவிர எல்லோரும் காணாமல் போனார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் நாக்கு தள்ளியது. ஆட்டோ இல்லை, பஸ் இல்லை. இப்படி ஒரு காலி ரோட்டுக்குத்தான் வாழ்நாளெல்லாம் ஏங்கியிருந்தார். தூரத்தில் வேன் தெரிந்ததும் கும்பிடாத குறையாகக் கையைக் காட்டினார். வேன் நின்று, ஜன்னல் கண்ணாடி இறங்கியது.

"என்னங்க, தண்ணி வேணுமா?" என்றாள் மனைவி.

அவர் பாட்டிலை வாங்கிக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்காரப்போனார்.

"பூங்கா பெஞ்சுன்னு நினைச்சு இங்கேயே உட்கார்ந்துடாதீங்க. கிளம்புங்க."

கிளம்பினார். மானம் என்பது எவ்வளவு கனம் என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் தெரிந்தது. எழுபதாவது கிலோமீட்டரில் முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. இறங்கி, வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். வெயிலுக்காக உள்ளே திரைகளை இழுத்துவிட்டிருந்தாள்.

"முடியலம்மா. சைக்கிளை உன் தம்பியே எடுத்துக்கட்டும். என்னை ஏத்திக்கோ."

அவள் முகம் வாடிப்போனது. "இடமே இல்லீங்களே. வழியெல்லாம் ஏறிட்டாங்க. ஒருத்தர் மடியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க. நீங்க மெதுவா வாங்க, நான் பின்னாலயே வரேன்."

அப்போது அவள் போன் அடித்தது. ரோட்டைத் திறக்க வேண்டும், ஏன் இவ்வளவு தாமதம் என்று நிர்வாகி கத்துவது அவருக்கே கேட்டது.

"முன்னால ஒரே டிராஃபிக் சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மூடிய ரோட்டில் அந்த டிராஃபிக் இவர் ஒருவர்தான்.

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரில் கொஞ்சம் அழுத்தினால் அவரை முந்திவிடலாம். அவள் அழுத்தவில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தார். வேனின் உறுமல் முதுகுக்குப் பின்னாலேயே வந்தது. எண்பது போனது, தொண்ணூறு போனது. கால்கள் தன்னுடையவைதானா என்று குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது.

பதாகையைச் சுருட்டத் தொடங்கியிருந்தவர்கள் அவருக்காக மறுபடி விரித்துப் பிடித்தார்கள். கழுத்தில் பதக்கம் விழுந்தது. சைக்கிள் அவருடையதாகவே இருக்கப்போகிறது. வழியில் தோற்று, ஒருவர் மடியில் ஒருவராக நசுங்கி வந்த பாவப்பட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாமென்று போய் வேன் கதவை இழுத்துத் திறந்தார்.

பதினெட்டு சீட். இரண்டே பேர், ஆளுக்கொரு வரிசையில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்க" என்றாள். "இப்ப இடம் இருக்கு."