முப்பத்தேழு கயிறுகள்

கயிறு மூன்று முழம் குறைந்தது.

அம்ப்ரோஸ் குவாஷி அதை இழுத்துப் பார்த்தார், உதறிப் பார்த்தார், சற்று நேரம் முறைத்தும் பார்த்தார். கயிறு நீளவில்லை. அதன் ஒரு முனை அவருடைய பாய்மரப் படகின் முகப்பில் கட்டப்பட்டிருந்தது. மறுமுனை, அலையாத்தி மரத்தின் வேரை எட்டாமல் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. மறுநாள் மாலைக்குள் சூறாவளி கரியக்கூ தீவைத் தொடும் என்று வானொலி காலையிலிருந்து ஐந்து முறை அறிவித்துவிட்டது.

"என்ன மிஸ்டர் குவாஷி, மரத்தைக் கிட்ட வரச் சொல்றீங்களா?" என்று கரையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி எர்னஸ்டீன்.

"கொஞ்சம் பேசாம இரு. கணக்கு போடுறேன்."

"போடுங்க. ஆனா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. இந்தப் புயல்லயும் இது அவுத்துக்கிட்டுப் போச்சுன்னா, இன்னொரு படகுங்கிற பேச்சே வீட்டுல எடுக்கக் கூடாது. பலகை ஒண்ணு மிஞ்சினாலும் கோழிக்கூட்டுக்குத்தான்."

அது வெறும் மிரட்டல் அன்று என்பதை முப்பத்தோராண்டு மண வாழ்க்கை குவாஷிக்குக் கற்பித்திருந்தது. அந்தப் படகை அவர் ஏழு ஆண்டுகள் உழைத்துத் தம் கையாலேயே கட்டினார். ‘அசையாதவள்’ என்று பெயரும் சூட்டினார். அதற்குப் பின் வந்த இரண்டு புயல்களிலும் அவள் கட்டறுத்துக்கொண்டு கிளம்பி, விடியும்போது பிறர் படகுகளுக்கு நடுவே கிடந்தாள். தனியே கிடக்கவில்லை என்பதில் குவாஷிக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

புயல் வரும்போதெல்லாம் தீவின் படகுகள் அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து செல்லும் இந்த ஓடைக்குள் வந்து, வேர்களில் கட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். முதலில் வருபவருக்குக் காற்று எட்டாத உள்ளிடம். பிந்தி வருபவருக்கு ஓடையின் வாய். இம்முறை முதலில் வந்தவன் மீனவன் லாம்பெர்ட். ஆயினும், குவாஷி வந்து சேர்ந்ததும், கேளாமலே தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஒதுங்கி நின்றான். உள்ளிடத்தை ஒருவர் மற்றொருவருக்கு விட்டுக்கொடுத்ததாக அந்த ஓடையின் வரலாற்றில் செய்தியே இல்லை.

இப்போது அவனே ஒரு கயிற்றுச் சுருளையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்னோடதை வச்சுக்கோங்க, கேப்டன்."

"அப்போ உனக்கு?"

"எனக்கு என்ன, கேப்டன்? நீங்க முதல்ல இறுக்கிக் கட்டுங்க. நல்லா இறுக்கிக் கட்டுங்க."

குவாஷி இறுக்கிக் கட்டினார். நாலு பக்கமும் கட்டியபின் கயிறுகள் தட்டினால் ஒலிக்கும் அளவுக்கு விறைத்து நின்றன. சரக்குப் படகு வைத்திருக்கும் மிஸ் சில்வின் தன் மேல்தளத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"கேப்டன், நாளைக்குத் தண்ணி எட்டடி ஏறும். உங்க படகு எப்படி ஏறும்? புடிச்சு அமுக்கில்ல வச்சிருக்கீங்க?"

நியாயமான கேள்வி. குவாஷி எல்லாக் கயிறுகளையும் தளர்த்தினார். தளர்ந்த படகு சோம்பல் முறிப்பதுபோல் மெல்லத் திரும்பியது. அதன் முகப்பில் நீண்டிருந்த கழி லாம்பெர்ட் படகின் அறை ஜன்னலுக்குள் நுழைந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த துவரை சூப்பைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு மறுபக்க ஜன்னல் வழியே வெளியே வந்தது. பாத்திரம் கழியின் நுனியில் தொங்கியது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"மன்னிச்சுக்கப்பா!"

"அட, விடுங்க கேப்டன். ஆறட்டும்னுதான் நெனச்சேன்," என்றான் லாம்பெர்ட். பாத்திரத்தை வாங்கிக்கொண்டான், தன் படகை அவிழ்த்தான், ஓடையை விட்டே வெளியேறினான்.

"பார்த்தியா எர்னஸ்டீன்? நமக்கு இடம் போதாதுன்னு அவனே வெளிய போயிட்டான்!"

எர்னஸ்டீன் வானத்தைப் பார்த்தாள்.

படகு திரும்பாமலிருக்க நங்கூரம் வேண்டும் என்று குவாஷி முடிவு செய்தார். நூற்றிருபது பவுண்டு எடையுள்ள இரும்பு. அதைத் தலைக்கு மேல் தூக்கி, ஆண்டவரை வேண்டி, முழு மூச்சோடு எறிந்தார். கீழே தம் சிறு தோணி கட்டியிருந்ததை மறந்துவிட்டார். நங்கூரம் தோணியின் அடியைத் துளைத்துக்கொண்டு சேற்றில் இறங்கியது. நன்றாகவே பிடித்தது, அதில் குறை சொல்வதற்கில்லை. தோணியையும் பிடித்தது, தோணிக்கு அடியில் கிடந்த மிஸ் சில்வினின் நங்கூரத்தையும் பிடித்தது.

மிஸ் சில்வின் மேலிருந்து ஆழ்ந்து நோக்கினாள்.

"அதை எடுக்க வேணாம், கேப்டன்."

"இல்ல மிஸ் சில்வின், அஞ்சே நிமிஷம், பிரிச்சுத் தந்துடுறேன்…"

"வேணாங்கிறேன்ல! நீங்க பிரிக்கவே வேணாம். ரெண்டும் உங்களுக்கே இருக்கட்டும். இந்தாங்க, தீயணைப்புக் குழாய்த் துண்டு. கயிறு தேயாம இருக்க மேல சுத்திக்கோங்க." துண்டுகளை எறிந்துவிட்டு, தன் சங்கிலியைத் தானே வெட்டிக்கொண்டு, அவளும் புறப்பட்டாள்.

குவாஷி கரைப்பக்கம் திரும்பினார். "நங்கூரத்தையே விட்டுக்கொடுத்துட்டுப் போறாளே! சொந்தத் தங்கச்சி செய்வாளா?"

"செய்யமாட்டா," என்றாள் எர்னஸ்டீன்.

மறுநாள், புதன்கிழமை காலையில் பாய் மட்டுமே கழற்றப்படாமல் எஞ்சியிருந்தது. பாயை விட்டுவைத்தால் புயல் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பாய்மர உச்சியில் ஒரு கொக்கி சிக்கிக்கொண்டு இறங்க மறுத்தது.

"பாதி தூரம் ஏத்தி எறக்கினா தானா விட்டுடும்," என்றார் குவாஷி.

"காத்து வீசுதே, மிஸ்டர் குவாஷி."

"இதெல்லாம் ஒரு காத்தா?"

ஏற்றினார். காற்று அதைத்தான் எதிர்பார்த்திருந்தது போலும். பாய் புடைத்தது, பதினான்கு கயிறுகளால் கட்டுண்டிருந்த ‘அசையாதவள்’ அத்தனை கட்டுகளோடும் கம்பீரமாகப் புறப்பட்டாள். ஓர் அலையாத்தி மரம் வேரோடு பெயர்ந்து அவளைப் பின்தொடர்ந்தது. வேரில் நண்டுகள் இருந்தன. கிளையில் ஒரு கொக்கு. கொக்கு எழுந்து பறக்கவில்லை. பயணச்சீட்டு வாங்கியதுபோல அமர்ந்து, இரு கரைகளையும் பார்த்துக்கொண்டே சென்றது. எதிரே நின்ற ஐந்து படகுகளின் சொந்தக்காரர்களும் ஒரே குரலில் அலறினார்கள். படகு அவர்களுக்கு ஒரு முழம் முன்பாகச் சேற்றில் முட்டி நின்றது.

அதன்பின் நடந்ததைக் குவாஷி ஆயுள் உள்ளவரை மறக்க மாட்டார். யாரும் ஏசவில்லை. வெளியே போன லாம்பெர்ட்டும் மிஸ் சில்வினும்கூடத் திரும்பி வந்தார்கள். பாயை அறுத்து இறக்கினார்கள். படகைப் பழையபடி உள்ளிடத்துக்குத் தள்ளிச் சென்றார்கள். அவரவர் படகிலிருந்த கயிறுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, வேருக்கு வேர், கிளைக்குக் கிளை கட்டினார்கள். முப்பத்தாறாவது கயிற்றோடு தீவிலிருந்த கயிறே தீர்ந்துபோயிற்று. முப்பத்தேழாவதாகப் பாதிரியார் கோவில் மணிக் கயிற்றை அவிழ்த்து அனுப்பினார்.

"அப்போ எச்சரிக்கை மணி எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார் குவாஷி.

"எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே கேப்டன், கத்திச் சொல்லிக்கலாம்," என்றான் லாம்பெர்ட், ஏழாவது முடிச்சைப் போட்டவாறே.

"போதும்ப்பா, ஒரு முடிச்சே தாங்கும்."

"இன்னும் மூணு போட்டுக்கறேன்."

நண்பகலில் அந்த ஐந்து படகுகளும், லாம்பெர்ட், மிஸ் சில்வின் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடையை விட்டு வெளியேறின. குவாஷி பதறினார்.

"எங்க போறீங்க? வெளிய விரிகுடாவுல மறைப்பே கிடையாதே! காத்து நேரா முகத்துல அடிக்குமே!"

"நீங்க கவலைப்படாதீங்க, கேப்டன்!" என்று மிஸ் சில்வின் தொலைவிலிருந்து கையசைத்தாள். "எங்களுக்கு அதுவே சௌகரியம்!"

ஓடை முழுவதும் அமைதியாயிற்று. நடுவில், சிலந்தி வலையில் சிக்கிய பூச்சியைப்போல் ‘அசையாதவள்’ நின்றாள். இப்பக்கமோ அப்பக்கமோ அரை அங்குலம் நகரவும் வழியில்லை. குவாஷி தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் துறைமுக அலுவலகத்துக் காஸ்மஸ், படகுகளைக் கணக்கெடுக்கும் தாளோடு கரையோரமாக வந்து சேர்ந்தான்.

"உள்ள எத்தனை படகு, கேப்டன்?"

"ஒண்ணே ஒண்ணு. என்னோடது." குவாஷி தாளைத் தொட்டுக் காட்டினார். "எழுதிக்கோ காஸ்மஸ், நல்லா எழுதிக்கோ. கயிறு குடுத்தாங்க, நங்கூரம் குடுத்தாங்க, பத்திரமான எடத்தை எனக்கு விட்டுட்டு அவங்க போய் வெட்டவெளியில நிக்கறாங்க. இந்த மாதிரி மனுஷங்க உலகத்துல வேற எங்கயாவது உண்டா?"

"நேரமாச்சு மிஸ்டர் குவாஷி, வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும், வாங்க," என்று எர்னஸ்டீன் அவசரமாக அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காஸ்மஸ் பென்சிலால் காதைச் சொறிந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்களுக்கு யாரும் சொல்லலையா, கேப்டன்? சூறாவளிக்குப் பக்கத்துல நிக்கிறதா, உங்க படகுக்குப் பக்கத்துல நிக்கிறதான்னு திங்கட்கிழமையே கோவில் கூடத்துல ஓட்டெடுத்தாங்க. ஏகமனதா சூறாவளிதான் ஜெயிச்சுது, முதல் கையைத் தூக்கினதே உங்க வீட்டம்மாதான்."