ஸ்டோர் கீப்பர் பொறுத்துக்கொண்ட பத்து

பம்பு செய்யும் கம்பெனியில் அவர் பதினெட்டு வருஷமாக ஸ்டோர் கீப்பர். எந்த வாஷர் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். சில சமயம் கண்ணை மூடியவர் சொல்லாமலே தூங்கிப்போனதும் உண்டு. சூப்பர்வைசர் ஓய்வுபெற்றுப் போனதும், அந்த நாற்காலி தனக்குத்தான் என்று மனசுக்குள் அதற்கு ஒரு குஷன்கூடத் தைத்துவிட்டார்.

புதிதாக வந்த ஜெனரல் மேனேஜருக்கு இங்கிலீஷ் தவிர வேறு பாஷை தெரியாது. பதவி உயர்வு வேண்டுபவர்கள் இங்கிலீஷ் வகுப்பில் தேற வேண்டும் என்று ஆணை போட்டுவிட்டார். செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் கேன்டீனில் வகுப்பு. கண்ணாடி போட்ட ஒரு டீச்சரம்மா வருவார். சத்தம் போடாமலே பயமுறுத்தும் குரல்.

அந்த அம்மாள் ஒரு பிஸ்கெட் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்று எடுக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஓர் இங்கிலீஷ் வினை. கூடவே மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று ஒட்டிக்கொண்ட ஒரு குட்டிச் சொல். அதை வைத்து வெள்ளிக்கிழமைக்குள் பத்து வாக்கியம் எழுத வேண்டும். கைடு புத்தகத்தில் பார்க்கக் கூடாது. தினப்படி வீட்டில் நடப்பதை எழுத வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும்.

பேக்கிங் பிரிவுக்காரருக்கு 'கெட் அப்' விழுந்தது. எழுந்திருப்பதுதானே, பத்து நாள் பத்து வாக்கியம் என்று அங்கேயே முடித்துவிட்டார். லாரி டிரைவருக்கு 'ரன் ஓவர்'. ஆள்மேல் வண்டி ஏற்றுவது என்று அர்த்தம் கேட்டதும் முகம் வெளுத்துப்போய், இருபது வருஷ சர்வீஸில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை, எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் போலீஸ் கேட்கும் என்று சீட்டைத் திருப்பி நீட்டினார்.

நம்மவருக்கு வந்தது 'புட் அப் வித்'. பொறுத்துக்கொள்வது என்று அர்த்தம் சொன்னார் டீச்சரம்மா.

வீடு வரைக்கும் அவருக்கு அதே யோசனை. புட் என்றால் வை. அப் என்றால் மேலே. வித் என்றால் கூட. மூன்றும் பரம சாதுவான வார்த்தைகள். ஒன்றாகச் சேர்ந்தால் மட்டும் எப்படிப் பொறுமை வருகிறது? மூன்று நட்டைச் சேர்த்தால் மூன்று நட்டுதானே, மோட்டாரா ஆகும்?

மனைவி முன் அறையில் தையல் மெஷினில் யாருடைய பேன்ட்டையோ சுருக்கிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துத் துணிகளுக்கெல்லாம் அளவு திருத்துவது அவள் வேலை. புதிதாக எதைக் கேட்டாலும் அதைப் பிரித்துப் பார்க்காமல் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. அவரிடம் ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் கேட்டாள்.

"சரியாத்தானேங்க இருக்கு," என்றாள். "தலைமேல தூக்கி வச்சுக்கிட்டு கூடவே இருக்கறதுதான். வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் எனக்கு ஆச்சரியம்."

அவருக்குச் சுருக்கென்றது. இந்த வீட்டில் யார் யாரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று உலகத்துக்கு இங்கிலீஷிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். பத்தும் மனைவியைப் பற்றித்தான்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் நோட்டும் கையுமாக உட்கார்ந்தார். ஆறிப்போன டீயைப் பொறுத்துக்கொள்கிறேன் என்று முதலில் எழுதினார். டீச்சரம்மா உண்மை கேட்டாரே என்று கடிகாரத்தைப் பார்த்தார். டீ சுடச்சுடத்தான் வந்திருந்தது. அதன் பக்கத்தில் அவர்தான் இருபத்தைந்து நிமிஷம் பேப்பர் படித்திருந்தார். அடித்தார். கேட்டதையே நாலு தடவை கேட்கிறாள் என்று எழுதினார். கவனித்துப் பார்த்ததில், முதல் மூன்று தடவை அவர் பதிலே சொல்லவில்லை என்று தெரிந்தது. அதையும் அடித்தார். பீரோ கதவு கிறீச்சிடுகிறது என்று எழுதும்போதே, எண்ணெய் போடுகிறேன் என்று போன வருஷம் சொன்னவர் யார் என்பது ஞாபகம் வந்தது.

சாயங்காலத்துக்குள் தேறியது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பொறுத்துக்கொள்கிறேன். சந்தேகத்துக்கு நாயின் சொந்தக்காரரிடம் விசாரித்தார். அது வேறு யாரைப் பார்த்தும் குரைப்பதில்லையாம்.

வெள்ளிக்கிழமை காலை வந்துவிட்டது. நோட்டு காலி. கம்பெனி பஸ் வர அரைமணிதான் இருந்தது. வேறு வழியில்லாமல் மனைவியிடம் போய் நின்றார். நீ தமிழில் சொல்லு, நான் இங்கிலீஷ் பண்ணிக்கொள்கிறேன் என்றார். யோசிக்க நேரம் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்.

தேவைப்படவில்லை. மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். என் புருஷன் குறட்டை விடுகிறார், பொறுத்துக்கொள்கிறேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறார், பொறுத்துக்கொள்கிறேன். அஞ்சு நிமிஷம் என்றுவிட்டு ஒரு மணி நேரம் ஆக்குகிறார். சொன்ன கதையையே சொல்கிறார். விளக்கை அணைப்பதில்லை. போன வருஷம் மட்டும் மூன்று குடை தொலைத்தார். குழாய்த் தண்ணீர் மாதிரி கொட்டியது. அவருக்குக் கைதான் வலித்தது.

ஆறு எழுதிய பிறகுதான் விஷயம் உறைத்தது.

"எல்லாம் புருஷன் புருஷன்னே வருதே? எழுதறவன் நானில்ல? பரவாயில்ல, பொண்டாட்டின்னு மாத்திக்கறேன்."

மெஷின் ஒரு நிமிஷம் நின்றது.

"எல்லாத்தையுமா மாத்துவீங்க?"

"எல்லாத்தையும்தான். அது ஒரு வேலையா?"

"இல்ல, சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்," என்றாள். மெஷின் மறுபடி ஓடியது. மிச்சம் நாலையும் கொஞ்சம் நிதானமாகவே சொன்னாள். அவர் எழுத்துக்கூட்டுவதில் மூழ்கியிருந்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ஸ்டோர்ஸில் ஒரு சாமானுக்கு நம்பர் மாறினால், பட்டியல் முழுக்கப் பழைய நம்பரை அடித்துப் புதுசு எழுதுவார்கள். சாமானைப் பார்க்க வேண்டியதில்லை, நம்பரைப் பார்த்தால் போதும். அதே கைப்பழக்கத்தில் புருஷனையெல்லாம் அடித்துப் பொண்டாட்டி ஆக்கினார். அவரை அவளாக்கினார். இரண்டு ஸ்டாப்பில் வேலை முடிந்தது. படித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கேன்டீனில் அவர் முறை வந்தபோது, ஜெனரல் மேனேஜரே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். என் மனைவி குறட்டை விடுகிறாள், நான் புட் அப் வித். ஈரத் துண்டு, புட் அப் வித். வகுப்பே 'பாவம் மனுஷன்' என்று தலையாட்டியது. பேக்கிங் பிரிவுக்காரர் பெருமூச்சே விட்டார். மூன்று குடையில் மேனேஜர் புருவத்தைத் தூக்கினார். நாற்காலி கைக்கு எட்டிய மாதிரி இருந்தது.

அந்த வேகத்திலேயே ஏழாவதையும் படித்தார். என் மனைவி தினமும் தாடியை மழித்துவிட்டு வாஷ்பேசினைக் கழுவாமல் போகிறாள், நான் பொறுத்துக்கொள்கிறேன்.

கேன்டீனில் தண்ணீர்க் குழாய் சொட்டுவது கேட்டது. டிரைவர் மெதுவாகக் குனிந்து, "அண்ணே, அண்ணிக்கு எந்த பிளேடு?" என்று கேட்டார்.

நிறுத்திவிடலாம் என்றுதான் பார்த்தார். டீச்சரம்மா விரலை ஆட்டி மேலே படிக்கச் சொன்னார். எட்டாவதில் மனைவி மீசைக்கு மை அடித்துத் தலையணை உறையைக் கறுப்பாக்கினாள். ஒன்பதாவதில் வழுக்கையை மறைக்கக் கண்ணாடி முன்னால் அரைமணி நின்றாள். அவர் குரல் தேய்ந்து தேய்ந்து, பத்தாவதை டீச்சரம்மாவே நோட்டை வாங்கிப் படிக்க வேண்டியதாயிற்று. என் மனைவி என்னைவிடத் தான்தான் புத்திசாலி என்று நினைக்கிறாள், நான் பொறுத்துக்கொள்கிறேன்.

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது வெறும் நினைப்புன்னு எனக்குத் தோணல," என்றார்.

மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை என்றார் டீச்சரம்மா. உண்மையில்தான் பத்துப் பிழையாம். நாற்காலி விஷயம் இன்னொரு வினைக்கு எழுதிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, நோட்டில் அந்த வினையைக் குறித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே போய் வாஷ்பேசினைக் கழுவினார். பிறகு மெஷின் அருகே வந்து நின்று, அந்த ஏழாவதை வேண்டுமென்றே சொன்னாயா என்று மட்டும் கேட்டார்.

"நான் புருஷன்னுதாங்க சொன்னேன்," என்றாள் அவள். நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் டீச்சரம்மாவின் கையெழுத்து. "இது என்னங்க புதுசா, ஓன் அப்?"

செய்த தப்பைத் தானே ஒத்துக்கொள்வது என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எல்லாருக்கும் பத்து வாக்கியம், தனக்கு மட்டும் இருபது என்பதையும் சொன்னார்.

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இருபதுக்குள்ள எப்படிங்க முடிக்கிறது?"