ஈரச் சோப்பு

சோப்பு இன்றைக்கும் ஈரமாக இருந்தது.

மாரிசெல்வம் குளித்தது நேற்று மத்தியானம். நைட் ஷிப்டு முடித்து இப்போதுதான் பூட்டைத் திறந்து உள்ளே வருகிறான். தலையணையில் யாரோ தலை வைத்த பள்ளம். அறை முழுக்க அவன் தடவாத எண்ணெயின் வாசனை.

வீட்டுக்காரர் கோதண்டத்திடம் ஓடினான்.

"பூட்டின ரூம்ல யாரு வரப் போறாங்கோ?" கோதண்டம் எங்கோ பார்த்தபடி சொன்னார். "ஒண்ணு தம்பி. லீவு நாள்லகூட ராவுல அங்க படுக்காத. போறப்போ சாவிய எங்கைல குடுத்துட்டுப் போ. உன் நல்லதுக்குத்தான்."

"பரண்ல ஒரு பெட்டி கெடக்கே, அது யாருது அண்ணாச்சி?"

"முன்னாடி இருந்தவனோடது. வருவான்."

மாரிசெல்வம் அந்த 'வருவான்' என்ற சொல்லையே முணுமுணுத்தபடி ரூமுக்குத் திரும்பினான். சுங்குவார்சத்திரத்தில் பாதி வாடகைக்கு ரூம் கிடைத்தபோதே யோசித்திருக்க வேண்டும்.

வாசலில் வேப்பிலை கட்டினான். மறுநாள் வேப்பிலை குப்பையில் கிடந்தது. வாசற்படியில் மெழுகுவர்த்தி ஒன்று எரிந்து அணைந்திருந்தது. சமாதானமாகப் போகலாமென்று தட்டில் பரோட்டா வைத்துவிட்டு வேலைக்குப் போனான். திரும்பி வந்தால் பரோட்டா இல்லை. தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அத்தோடு அவனுடைய பகல் தூக்கம் போயிற்று. பிரஸ் மெஷின் முன்னால் தலை தொங்கியது.

"கை போயிடும்டா!" சூப்பர்வைசர் பலராமன் கத்தினார். "இன்னொரு தபா தூங்கினே, கேட்டுக்கு வெளிய அனுப்பிருவேன். இ.எஸ்.ஐ. கார்டு கீதில்ல? போய்க் காட்டு."

டிஸ்பென்சரியில் டாக்டர் நிமிரவில்லை. "ஜுரமா, வயித்து வலியா?"

"மனசு சரியில்ல சார். தூங்க முடியல."

"மனசுக்கு மெட்ராஸ் போவணும்பா. எழுதித் தரேன், கம்பெனில லீவு சொல்லிட்டுப் போ."

"மனசுக்குன்னு லீவு கேட்டா, பைத்தியம்னு கணக்கத் தீத்து அனுப்பிருவாவ சார்."

டாக்டர் மனமிரங்கி ஜுரத்துக்கு எழுதினார். அந்த மாத்திரை ரூமில் தூக்கம் தரவில்லை. மெஷின் முன்னால்தான் தந்தது. பலராமன் தட்டி எழுப்பினார்.

"வாரக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஊரப் பாக்கப் போயிடு."

டிஸ்பென்சரி ஆயா சின்னப்பொண்ணுதான் வழி சொன்னாள். "மாசத்துக்கு ஒரு தபா கவுன்சிலிங் மேடம் வர்றாங்கோ. ஊசி போடற ரூம்ல. நாளைக்கு வா, யாராண்டயும் சொல்லாத."

சுகப்பிரியா மேடம் பொறுமையாகக் கேட்டார். சோப்பு, தலையணை என்று அவன் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது.

"உங்க ரூமுக்குப் பின்னாடி உடைஞ்ச தண்ணித் தொட்டி இருக்கா?"

மாரிசெல்வம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். தொட்டியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

"இருக்கு மேடம்."

"உள்சுவர்ல பச்சைப் பெயின்ட்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

மேடம் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அத நான் சொல்லக் கூடாது. எங்க தொழில் தர்மம். நீங்க... இன்னைக்கே அந்த வீட்டுக்காரர்கிட்ட தீர விசாரிங்க."

"மேடம், நான் உசுரோட இருப்பனா?"

"எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு" என்று முணுமுணுத்தபடி அவர் வெளியே போனார்.

மாரிசெல்வம் நாற்காலியிலேயே குனிந்து அழுதுகொண்டிருந்தான். வேலையும் போச்சு, உயிரும் போகப் போகிறது. தரை பெருக்க வந்த சின்னப்பொண்ணு அவனைப் பார்த்து விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு அழுவற? மேடமாண்ட சொன்னது காதுல வுழுந்துச்சு, ரூம்ல பேயா? எந்த ரூம்பா?"

"கோதண்டம் வீடு. கடைசி ரூம்."

"அட, நீதானா அது!" சின்னப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாக்கோபுன்னு ஒரு புள்ள, போன மாசம் இதே சேர்ல ஒக்காந்து இப்பிடித்தான் அழுதுச்சு. அவன் ரூம்ல கீற பேயி பகல்லாம் தூங்கிட்டு, நைட் ஷிப்டுக்குப் போவுதாம்."