ஆறரைக் கோடி வருடத் தீட்டு

"மண்ணைத் தோண்டி, மாபெரும் வேட்டை டைனோசர்களின் எலும்புகளை மீட்டெடுத்த அஞ்சாநெஞ்சர், பிரதம அதிதி திரு. சேதுராமன்" என்றது விஞ்ஞானக் கண்காட்சியின் அழைப்பிதழ். மஹய்யாவையில் ஆணிக்கடை வைத்திருக்கும் சேதுராமன் வாழைக்கன்று நடுவதற்கே ஆள் பிடிப்பவர். மண்புழுவைக் கண்டால் ஒதுங்கி நிற்பவர். எலும்பு ஒன்றுதான். அதுவும் தபாலில் வந்தது.

எலும்பு சேகரிப்பவர் என்றோர் இனம் உண்டு, வாசகரே. நீங்கள் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனாலும் சாவுச் செய்தி சொல்லப் போனாலும், உங்களைக் கதிரையில் அமர்த்தி, சோகேஸைத் திறந்து, வெல்வெட் துணியை விலக்கி, "தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உங்கள் கையில் அதை வைத்து, "இந்தக் கால் எத்தனைய அமுக்கிப் புடிச்சுக் கிழிச்சிருக்கும்" என்று பெருமூச்சு விடுவார். தாமே கிழித்ததுபோல. தேத்தண்ணி அதற்குப் பிறகுதான்.

சேதுராமன் இதெல்லாம் செய்வது மனைவி ஞானேஸ்வரி அடுப்படியில் இருக்கும்போது மட்டும். அவரிடம் சொல்லி வைத்திருப்பது கல் என்று. எலும்பு வீட்டுக்குள் இருந்தால் தீட்டு. கல்லுக்கு ஏது தீட்டு?

அழைப்பிதழோடு வத்தேகமையிலிருந்து வந்த விஞ்ஞான ஆசிரியர் ராஜலிங்கம் சேர், ஞானேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்த நேரம் பார்த்து அதை உரக்க வாசித்தார்.

"எலும்பா? ஏங்க, கல்லுன்னுதானே சொன்னீங்க? வெள்ளிக்கிழமைல அதுக்கும் சேத்துல்ல சாம்பிராணி காட்டுறேன்."

கல் என்றால் பிரதம அதிதியின் கதிரை போகும். எலும்பு என்றால் எலும்பே போகும். சேதுராமன் தேத்தண்ணியைப் பார்த்தார்.

"எலும்புதான்."

"செத்து எவ்வளவு காலம்?"

"ஆறரைக் கோடி வருசம் இருக்கும்."

"அவ்வளவு காலமா ஒருத்தரும் கரைக்கலையா?" ஞானேஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாவங்க. அதுக்கும் புள்ளகுட்டி இருந்திருக்கும். நாளைக்கே ஐயர வரச்சொல்றேன். மகாவலியில கரைச்சிடுங்க."

"முறைன்னா முறைதான்மா," என்றார் விஞ்ஞான ஆசிரியர்.

சிரிக்க வேண்டாம். உங்கள் அலுமாரியிலும் ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் சொல்லி வைத்திருக்கும் பொருள் ஒன்று இருக்கும். அதைக் கரைக்கச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. சேதுராமன் எலும்பைக் கடைக்குக் கொண்டுபோய் ஆணிப்பெட்டிக்குள் வைத்தார். அதே பருமனில் ஒரு கருங்கல்லை வெள்ளைத்துணியில் முடிந்து, கட்டுகஸ்தோட்டையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லி, ஆற்றில் விட்டு மூன்று முறை முழுகி எழுந்தார்.